கையெழுத்துப் போடும் வயது

தம்பி, தங்கச்சி,

எஸ்.பி.எம். கடைசித் தாளையும் எழுதி முடித்துவிட்டாய். முடிவு வர இன்னும் சில மாதம் இருக்கிறது. "பிள்ளை பாவம், கொஞ்ச நாள் தூங்கட்டும்" என்று வீட்டில் விட்டிருப்பார்கள். நான் உன்னை எழுப்ப வந்திருக்கிறேன். இந்தச் சில மாதத்தில்தான் உன்னிடம் தாளை நீட்டுகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். மோட்டார் கடைக்காரர் வருவார், கைபேசிக் கடைக்காரர் வருவார், கல்லூரி ஏஜெண்டு வருவார், தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர் வருவார், கடைசியில் கூடப் படித்த நண்பனே வந்து நிற்பான். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கேட்பது மட்டும் ஒன்றுதான்: உன் ஐ.சி.யும் உன் கையெழுத்தும்.

இந்த நாட்டில் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிறைந்தால் நீ பெரியவர். பதினேழு வயதில் போட்ட ஒப்பந்தம் பெரும்பாலும் உன்னைக் கட்டாது. பதினெட்டு முடிந்த மறுநாள் போட்டது முழுக்கக் கட்டும். அந்த ஒரு நாள் வித்தியாசத்தை உனக்கு யாரும் பள்ளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் உன் வாசலுக்கு வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அது நன்றாகத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். வாசித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. வேறொருவருக்காக, அவர் யாராக இருந்தாலும், உன் பெயரைக் கொடுக்காதே.

மலாக்காத் தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதியது இல்லை. இந்த நாட்டின் ரப்பர்த் தோட்டத் தொழிலே நம் மாநிலத்தில்தான் பிறந்தது. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். சில ஆண்டில் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. தோட்டங்கள் பெருகப் பெருக, பால் வெட்ட நம் பாட்டன் பூட்டனைக் கூட்டி வந்தார்கள். வேலை கொடுப்பதற்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்தது முன்பணம். கப்பல் செலவு, வழிச் சாப்பாடு, ஊரில் வீட்டுக்கு விட்டுவந்த நாலு காசு, எல்லாம் கணக்கில் ஏறியது. கைநாட்டு வைத்தவருக்கு அந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாது. கிராணி சொன்னதுதான் கணக்கு. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு கங்காணி ஆள்பிடிப்பும் முடிந்தது. அதற்குப் பிறகும் தோட்டத்துக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் கழித்து, மிஞ்சியதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்த தாய்மார்களை லயங்களில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம்.

அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. நீ பதினொரு ஆண்டு பள்ளிக்குப் போனவன். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பவள். நீ தாளைப் பார்க்காமல் "எங்கே அண்ணே கையெழுத்து?" என்று கேட்டால், அந்தக் கைநாட்டுக்கு இருந்த நியாயம்கூட உனக்கு இல்லை.

மோட்டாரிலிருந்து தொடங்குகிறேன். நம் பையன்கள் முதலில் விழுகிற குழி அதுதான்.

மோட்டார் வாங்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. அசகானிலிருந்தும் தெபோங்கிலிருந்தும் ஆயர் குரோ தொழிற்பேட்டைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போய்ச் சேர வேறு வழி ஏது? ஆனால் எந்த மோட்டார், யார் பெயரில், எவ்வளவுக்கு? கடைக்குள் போனால் விலையை யாரும் சொல்ல மாட்டார்கள். "மாதம் 250 வெள்ளிதான் தம்பி, முன்பணம் வேண்டாம், சம்பளச் சீட்டு வேண்டாம், ஐ.சி. மட்டும் போதும்" என்பார்கள். அந்த 250-ஐப் பிரித்துப் பார். வண்டியின் ரொக்க விலை 10,000 வெள்ளி என்று வை. ஆண்டுக்கு 10 சதவிகிதம் என்று தட்டையாக வட்டி போட்டால் ஆண்டுக்கு 1,000. ஐந்து ஆண்டில் 5,000. மொத்தம் 15,000. அறுபது மாதத்துக்கு 250. நீ கடனை மாதாமாதம் அடைத்துக்கொண்டே வருகிறாய். வட்டி மட்டும் முதல் நாள் போட்ட 10,000 மேலேயே கடைசி வரை நிற்கிறது. அதனால் உண்மையில் நீ கட்டுவது ஆண்டுக்கு 17 சதவிகிதத்துக்கும் மேலே. "பத்துதான்" என்று அவர் சொன்னதில் பொய் கிடையாது. நீ கேட்காததை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் அறிவிப்புக் கொடுத்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் தருகிறது. தூக்கிய வண்டியை ஏலத்தில் விற்பார்கள். ஏலத்தில் வந்த காசு கடனுக்குக் காணாவிட்டால் பாக்கியை நீதான் கட்ட வேண்டும். வண்டியும் இருக்காது, கடன் மட்டும் இருக்கும். வங்கிகள் பார்க்கிற சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவில் நீ தவணை கட்டியதும் தவறியதும் மாதவாரியாகத் தெரியும். பிறகொரு நாள் கல்யாணம் ஆகி, வீட்டுக் கடனுக்கு வங்கிக் கவுண்டரில் போய் உட்காரும்போது அதிகாரி முதலில் திறப்பது அந்தப் பதிவைத்தான்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேள். ரொக்க விலை என்ன? கடைசித் தவணை முடியும்போது நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? இடையில் அடைத்தால் எவ்வளவு குறையும்? பிறகு, "பாரத்தை வீட்டுக்குக் கொண்டு போய் வாசித்துவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல். நல்ல கடைக்காரர் சரி என்பார். "இன்றைக்கே போட்டால்தான் இந்த விலை" என்று அவசரப்படுத்துகிற இடத்தில் எழுந்து வந்துவிடு. பழைய காப்சாய் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கி இரண்டு வருடம் ஓட்டுவதால் உன் மானம் எங்கும் போகாது.

இன்னொரு கொடுமை இருக்கிறது. உனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால், "அம்மா பெயரில் போட்டுவிடலாம்" என்பார்கள். அம்மாவும் பிள்ளை ஆசைப்பட்டுவிட்டதே என்று கவுண்டரில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். செம்பனைக் காட்டில் உதிரி பொறுக்கியோ, பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கியோ சம்பாதிக்கிற அம்மா. மூன்றாம் மாதம் நீ வேலையை விட்டுவிட்டால் தவணை கேட்டுக் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். உன் ஆசைக்கு அம்மாவின் பெயரை அடகு வைக்காதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்தது சம்பளம். இதில் கொஞ்சம் நிதானமாக நில். முதல் வேலையில் ஏமாறுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

2025 ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. "நீ இப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தவன், பழகும் வரைக்கும் 1,200" என்று சொன்னால் அது சட்டமீறல். வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை; அதற்கு மேல் சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு கூலி. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் காசு உன் கையில் இருக்க வேண்டும். அதோடு சம்பளச் சீட்டும் வர வேண்டும். அந்தச் சீட்டைச் சுருட்டி எறியாமல் வாசி. 1,700 சம்பளத்தில் ஊழியர் சேமநிதிக்கு உன்னிடமிருந்து 11 சதவிகிதம், அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 13 சதவிகிதம், 221 வெள்ளி போட வேண்டும். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் இன்னும் சில வெள்ளி போகும். கைக்கு வருவது சுமார் 1,500.

இந்த இடத்தில்தான் ஒரு குரல் வரும். "இ.பி.எஃப். எல்லாம் எதற்குத் தம்பி? வயதான காலத்துக்குத்தானே? பிடிக்காமல் முழுசா கையில் தருகிறேன்." பாதுகாவலர் வேலை, லோரி அட்டெண்டர், உணவகம், கைபேசிக் கடை, துப்புரவுக் குத்தகை என்று நம் பிள்ளைகள் அதிகம் போகிற இடங்களில் இந்தப் பேச்சு சர்வ சாதாரணம். கேட்கும்போது இனிக்கும். 187 வெள்ளி கூடக் கிடைக்கிறதே என்று தோன்றும். அவர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிற 221 உன் கண்ணில் படாது. இரண்டும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி. பத்து ஆண்டில், ஈவுத்தொகை ஒரு சென் இல்லாமலே, 48,960. அதன்மேல் சேமநிதி ஆண்டுதோறும் ஈவு தருகிறது, 2024-க்கு 6.3 சதவிகிதம் கொடுத்தது. உன் வயதில் விட்டுவிட்ட பத்து ஆண்டை நாற்பது வயதில் யாராலும் திருப்பித் தர முடியாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? தோட்டத்தில் வேலை இருக்கும் வரைக்கும்தான் தோட்டத்து வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். முப்பது நாற்பது வருடம் பால் வெட்டியவர்கள், வெளியே வந்தபோது கையில் இருந்த சேமநிதியை வைத்துத்தான் தாமானில் ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். அதுவும் இல்லாதவர்கள் வாடகை வீடு மாறி மாறி அலைந்தார்கள். உனக்குத் தோட்டத்து வீடுகூடக் கிடையாது. உனக்கு இருப்பது அந்த 408 வெள்ளிதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம், சேமநிதியின் செயலியைத் திறந்து பார். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியிருக்க வேண்டும். சீட்டில் பிடித்ததாகப் போட்டுவிட்டுக் கணக்கில் கட்டாமல் இருப்பவர்களும் உண்டு. முதலில் கேள். மரியாதையாகக் கேள். பதில் வராவிட்டால் சேமநிதி அலுவலகத்தில் புகார் கொடு. சம்பளம் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போ. அங்கே வழக்குப் போட வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 2024 மே முதல் உன் சேமநிதியில் பத்தில் ஒரு பங்கு எந்த நேரமும் எடுக்கக்கூடிய கணக்கில் விழுகிறது. அதில் கை வைக்காதே. அப்படி ஒரு கணக்கே இல்லை என்று நினைத்துக்கொள்.

சொக்சோவை நம்மவர்கள் யாரும் பொருட்படுத்துவதில்லை. மாதம் எட்டு ஒன்பது வெள்ளிதான் உன் பங்கு. வேலையில் அடிபட்டால் மட்டும் என்று நினைக்காதே. வேலைக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும் நடக்கிற விபத்தும் அதில் சேரும். அலோர் காஜாவிலிருந்து மலாக்கா வரும் சாலையில் விடியுமுன் மழையில் பறக்கிற பையன்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் சம்பளத்தில் 80 சதவிகிதம் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். அதைவிட மோசமாக ஏதும் நடந்துவிட்டால், கல்யாணமாகாத பிள்ளை என்றால் அப்பா அம்மாவுக்கு உதவித்தொகை போகும். உன் பெயரில் சொக்சோ கட்டாத முதலாளி உன் அம்மாவின் கஞ்சியில் கை வைக்கிறார் என்று பொருள். உணவு விநியோகம், பார்சல் ஓட்டம் என்று சொந்தமாக ஓடுகிற பிள்ளைகளுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. அந்தச் செலவைப் பார்க்காதே, பதிந்துகொள்.

இனிச் சொல்லப் போவது இதையெல்லாம்விட அவசரம்.

உன் நண்பன் வருவான். "மச்சான், உன் பேங்க் கார்டு சும்மாதானே இருக்கு, ஒரு மாதத்துக்குக் கொடு, 500 வெள்ளி தருவாங்க" என்பான். ஒன்றும் தப்பில்லை, ஆன்லைன் வியாபாரம், வரி பிரச்சினை என்று ஏதோ சொல்வான். அவன் உன்னை ஏமாற்ற நினைத்திருக்கக்கூட மாட்டான். அவனையும் ஒருவன் ஏமாற்றியிருப்பான். கார்டையும் இரகசிய எண்ணையும் கொடுத்த அன்றிலிருந்து உன் கணக்கு மோசடிக் கும்பலின் குழாய். ஈப்போவிலோ கோத்தா பாருவிலோ ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரம்மா, "போலீஸ் பேசுகிறேன்" என்று மிரட்டியதை நம்பி அனுப்பிய வாழ்நாள் சேமிப்பு உன் பெயரில் வந்து இறங்கி, சில நிமிடத்தில் வெளியே போய்விடும். போலீஸ் தேடி வரும்போது அந்தக் கும்பல் இருக்காது. உன் பெயரும் உன் ஐ.சி. எண்ணும் இருக்கும். மியூல் கணக்கு, மலாயில் கெல்டாய் கணக்கு என்று சொல்வது இதைத்தான். கணக்கை வேறொருவர் கையில் கொடுப்பதையே குற்றமாக்கி 2024-இல் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். "எனக்குத் தெரியாது" என்று நீதிமன்றத்தில் அழுகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள். 500 வெள்ளிக்குப் பதினெட்டு வயதில் குற்றப் பதிவு.

கம்போடியாவிலோ மியன்மார் எல்லையிலோ "கஸ்டமர் சர்வீஸ் வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம்" என்று சொல்லி அழைத்துப்போய்க் கடப்பிதழைப் பிடுங்கி, வேலிக்குள் அடைத்து, அடித்து மோசடி செய்ய வைத்த கதைகளைச் செய்தியில் பார்த்திருப்பாய். அப்படி மாட்டியவர்களில் மலேசியப் பிள்ளைகளும் நிறைய. முகம் தெரியாதவர் டிக்கெட் போட்டுத் தருகிற வேலைக்குப் போகாதே. சிங்கப்பூர் வேலை என்றாலும் முறையான பெர்மிட் கைக்கு வந்த பிறகு பஸ் ஏறு. சுற்றுலாப் பயணியாக நுழைந்து வேலை செய்தால் மாட்டுவது நீ, ஏஜெண்டு இல்லை.

கும்பல்களில் சேர்க்கிற அண்ணன்மாரும் உன் வயதைத்தான் தேடுகிறார்கள். முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார்கள், சவ ஊர்வலத்துக்குக் கூப்பிடுவார்கள், ஒரு சட்டை கொடுப்பார்கள். ஆள்பலம் என்று தோன்றும். திட்டமிட்ட குற்றக் கும்பலில் உறுப்பினராக இருப்பதற்கே, ஒன்றும் செய்யாவிட்டாலும், தண்டனைச் சட்டம் 130வி பிரிவில் ஐந்து ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறை. ஒரு சட்டைக்கு விலை அது.

கடன் கேட்கிற நிலை வந்தால் யாரிடம் போவது? உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரரே பிணை இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. தூணில் ஒட்டிய நோட்டீசில் கைபேசி எண் மட்டும் போட்டிருக்கிறவன் வாரத்துக்கு வட்டி கேட்பான். ஆயிரம் என்று எழுதி, முதல் வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பான். அதற்குப் பிறகு உன் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம். கைபேசிச் செயலியில் "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று சிரித்துக்கொண்டு வருவதும் கடன்தான். நாற்பது வெள்ளி, அறுபது வெள்ளி என்று ஐந்தாறு இடத்தில் சேர்ந்தால் சம்பளத்தில் ஒரு வாரம் அங்கேயே போய்விடும். கூட்டுக் கட்டுவதைக் குடும்பத்துக்குள், முகம் பார்த்துப் பழகியவர்களோடு மட்டும் வைத்துக்கொள்; அதைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டது. வாட்ஸ்அப்பில் பிடித்த நூறு பேர் கூட்டில் காசு போனால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாய்? ஏற்கனவே கடன் குவிந்துவிட்டது என்றால் பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. இருக்கிறது. இலவசமாகக் கணக்கைப் பிரித்துப் போட்டு, வங்கியோடு பேசித் தவணையைச் சீர்படுத்துவார்கள்.

சேமிக்கச் சொன்னால், "1,500 வெள்ளியில் என்னத்தைச் சேர்ப்பது?" என்று கேட்பாய். 1960-இல் உன் தாத்தாக்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய காலம் அது. வேலையும் வீடும் ஒரே நாளில் போய்க்கொண்டிருந்தது. துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, தொழிலாளிகளே தோட்டத்தை வாங்குவோம் என்று கேட்டார். மாதம் 10 வெள்ளி பங்குப் பணம். நாள் கூலிக்குப் பால் வெட்டியவர்களுக்கு அந்தப் பத்து வெள்ளி சிறிய பணம் இல்லை. கொடுத்தார்கள். தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படிப் பிறந்தது. முதலில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம், பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வேறு தோட்டங்கள். கைநாட்டு வைத்தவர்கள் தோட்டத்துக்குப் பங்காளிகள் ஆனார்கள்.

அதே சமூகம் 1982-இல் நம்மவர்களின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தபோதும் கொடுத்தது. சுமார் 66,000 பேரிடமிருந்து பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத்து அம்மாக்கள் இருந்தார்கள். வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 28 ஆண்டு கழித்து, 2010-இல், ஒரு வெள்ளிப் பங்கை 80 சென்னுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்னார்கள். பலருக்கு அதுவே ஆறுதலாகிவிட்டது. யாரைக் குறை சொல்வது என்று விவாதிக்க இந்த இடம் போதாது. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார். கொடுத்தவர்கள் அதே மக்கள், அதே வியர்வை. போட்ட காசு எங்கே போகிறது, ஆண்டுக் கணக்கில் என்ன எழுதியிருக்கிறது, கேள்வி கேட்க உனக்கு உரிமை இருக்கிறதா என்பதை வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை உன் தலைமுறைக்கு வந்திருக்கிறது. தலைவர் சொன்னார், கோயிலில் சொன்னார்கள், சன்னாசிமலை மாசி மகத்தில் பக்கத்தில் நின்ற மாமா சொன்னார் என்று எந்தத் திட்டத்திலும் காசைப் போடாதே. மாதம் இத்தனை சதவிகிதம் நிச்சயம் என்று எவன் சொன்னாலும் அவன் உன் காசைத் தின்ன வந்தவன்.

சம்பளம் ஏறிய அன்றே 150 வெள்ளியை வேறு கணக்குக்கு மாற்று. அதற்குக் கார்டு வாங்காதே. மூன்று மாதச் செலவு அதில் சேரும் வரை வேறெதையும் யோசிக்காதே. பிறகு அமானா சஹாம் மலேசியா போன்ற நிதிகளை, எல்லா இனத்தாருக்கும் திறந்திருப்பவற்றை, கேட்டுப் பார்.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை உங்களுக்கும். முதல் சம்பளத்தைப் பிள்ளை உங்கள் காலடியில் வைக்கும்போது ஆசீர்வதித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சம்பளத்தின் பேரில் அக்கா கல்யாணத்துக்கும் புதுக் காருக்கும் கடன் எடுக்கச் சொல்லாதீர்கள். பத்தொன்பது வயதுப் பையன் பெயரில் ஒன்பது ஆண்டுக் கார்க் கடன் இருந்தால் அவன் எந்தப் படிப்புக்கும் திரும்ப முடியாது. பிடிக்காத வேலையை விடவும் முடியாது. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று பேசி முடிவு செய்யுங்கள். மிச்சம் அவன் எதிர்காலம்.

படிப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எஸ்.பி.எம். சான்றிதழே வேண்டுமென்றால் பஹாசா மலாயுவும் வரலாறும் தேற வேண்டும். அதில் ஒன்று போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று மூலையில் உட்காராதே; மறுதேர்வு இருக்கிறது, பதிந்துகொள், அந்த ஒரு பாடத்துக்காக ஆறு மாதம் உழை. அரசாங்க வேலைக்கும் பல படிப்புக்கும் பஹாசா மலாயுவில் கிரெடிட் கேட்பார்கள்.

கல்லூரி ஏஜெண்டு மினுக்கும் கையேட்டோடு வருவார். "இலவச லேப்டாப், பி.டி.பி.டி.என். கடன் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்பார். அந்தக் கடன் உன் கடன். அங்கீகாரம் பெற்ற படிப்புகள் இருக்கிற எம்.கியூ.ஏ. பதிவேட்டில் அந்தப் படிப்பைத் தேடு. அங்கே அந்தப் பெயரில், அந்தக் கல்லூரியில், அந்தப் படிப்பு இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். நம் பிள்ளைகள் மெர்லிமாவ் பொலிடெக்னிக் வாசலைத் தாண்டிப் பஸ் ஏறிப் போய், பல ஆயிரம் வெள்ளிக் கடனில் கோலாலம்பூரில் ஏதோ டிப்ளோமா படிக்கிறார்கள். பொலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக் கட்டணம் 200 வெள்ளி. மலாக்காவிலேயே இரண்டு பொலிடெக்னிக் இருக்கிறது, சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன, அலோர் காஜா பக்கம் அட்டெக் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, லொண்டாங்கில் மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது, டுரியான் துங்கலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆறாம் படிவத்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களை நம்பாதே. செலவே இல்லாமல் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பழைய பாதை அது. வெல்டிங்கோ ஏர்கோன் வேலையோ பிடித்திருந்தால் மலேசியத் திறன் சான்றிதழோடு படி. சும்மா கூட மாட வேலை செய்து கற்றவனுக்கும் சான்றிதழ் உள்ளவனுக்கும் கூலியில் வித்தியாசம் உண்டு. அரசாங்க உயர்கல்விக் கூடங்களில் இடம் கேட்கிற யு.பி.யு. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதியைச் சுவரில் எழுதி வை. தகுதி இருந்தும் தேதி தெரியாமல் இடத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

கடைசியாக, இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் ஏற்கனவே கார்டைக் கொடுத்திருப்பீர்கள், அல்லது நண்பனுக்காகப் பாரத்தில் பெயரைப் போட்டிருப்பீர்கள், அல்லது யாருக்கோ பணம் அனுப்பி ஏமாந்திருப்பீர்கள். உன்னிடம்தான் சொல்கிறேன், தம்பி. இன்றைக்கே வங்கிக்கு அழைத்துக் கார்டையும் கணக்கையும் முடக்கச் சொல். போலீஸ் நிலையத்துக்குப் போய், யார் கேட்டார்கள், எப்போது கொடுத்தேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு. ரிப்போர்ட்டின் நகலை வாங்கி வை. ஏமாந்து பணம் அனுப்பியிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண் 997-க்கு அழை. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கும். அப்பா கத்துவார், அம்மா அழுவார். இருந்தாலும் இன்று இரவே சொல்லிவிடு, நாளைக் காலையில் அப்பாவையும் கூட அழைத்துக்கொண்டு போ.